நான்கு கால் வீட்டுக்கு இடிப்பு அனுமதி

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் கேம்பர் வீடாக மாறிவிடும் என்று நகரமன்றத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

ஹார்லன் ஃபோர்க்கில் இது யாரையும் ஆச்சரியப்படுத்தும் கடிதமல்ல. இங்கே பாதி வீடுகளின் வாசலில் ஒரு கேம்பர் நிற்கிறது. படுக்கை, அடுப்பு, குட்டிக் குளிர்பெட்டி எல்லாம் அடங்கிய ஒரே ஓர் அறை. டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றிக் கட்டிவிட்டால் அது வண்டி. இறக்கி வைத்தால் நான்கு மூலையிலும் உள்ள ஜாக்கிக் கால்களை ஊன்றிக்கொண்டு, மேய மறந்த மாடு போல நிற்கும். பதினான்கு நாள் வரை அது ஓய்வெடுக்கும் வண்டி. பதினைந்தாம் நாள் நண்பகலுக்கு மேல் கட்டடம். கட்டடமான பிறகு நகரமன்ற அனுமதி இல்லாமல் ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. அந்த அனுமதி வர ஆறு வாரம் ஆகும். யாரோ ஏதோ காரணத்துக்காகத்தான் இந்த விதியைப் போட்டிருப்பார்கள். காரணம் எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டது. விதி மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

எங்களிடம் ஆறு வாரம் இல்லை. அன்று மாலை ஐந்து மணி வரைதான் இருந்தது.

மரம் அறுக்கும் ஆலையை மார்ச்சில் மூடியதிலிருந்து என் கணவன் லேலண்டுக்கு வேலை இல்லை. நான் சமைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. மாலோ ஏரி முகாமில் கோடை முழுக்கத் தங்கி, வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி வேண்டும் என்று வனத்துறை கேட்டிருந்தது. எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்தக் கேம்பரோடு சனிக்கிழமை ஐந்து மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த தம்பதியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் வாடகை வீட்டையும் விட்டுவிட்டோம். ஞாயிறு காலை அங்கே வேறு குடும்பம் வருகிறது. கேம்பர் ஏரிக்குப் போகவில்லை என்றால் எங்களுக்கு வேலை இல்லை, வீடு இல்லை. யாரோ ஒருவருடைய வாசலில் நகர்த்தக் கூடாத கட்டடம் ஒன்று மட்டும் இருக்கும்.

இரண்டு வாரமாக என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். கேம்பரை விற்றவர் அதை வாசலில் கால் ஊன்றி நிறுத்திவிட்டுப் போன மறுநாளே எங்கள் டிரக்கின் கியர்பெட்டி உடைந்தது. பட்டறையிலிருந்து டிரக் திரும்பி வந்தது அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. நாங்கள் இருவரும் வாழ்க்கையில் ஒரு கேம்பரையும் ஏற்றியதில்லை. லேலண்ட் மட்டும் பதினொரு காணொளிகள் பார்த்திருந்தான்.

டிரக் தெருமுனையில் திரும்பியதுமே எதிர்வீட்டு பெவ் மடக்கு நாற்காலியோடு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு டுவைட்டும் வந்தார். தோளில் அறுவை சிகிச்சை ஆகி வலது கையைத் துணியில் தொங்கப் போட்டிருந்ததால் நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் ஒரு தம்பதி வண்டியைப் பின்னால் எடுக்கப்போகிறார்கள் என்றால் அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. யாரும் கேட்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. இருமலாம்.

நான் கேம்பருக்குப் பின்னால் நின்றேன். கேம்பரை உயரத் தூக்கி வைத்தாயிற்று. அதன் நான்கு கால்களுக்கு நடுவே டிரக்கைப் பின்னோக்கி நுழைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளிதான். டிரக் ஒரு காலை இடித்தால் முழு அறையும் படுத்துவிடும்.

"வா," என்று கையை அசைத்தேன்.

லேலண்ட் கண்ணாடியில் என்னைப் பார்த்து அவனும் கையை அசைத்தான்.

"என்ன டாட்டா காட்டுற? வான்னு சொன்னேன்."

"நீதான் டாட்டா காட்டுன."

"அது வா."

"வான்னா விரல மடக்கணும். விரிச்சுக் காட்டுனா நில்லுன்னு அர்த்தம்."

"யார் சொன்னது?"

"வீடியோல."

"அந்த வீடியோக்காரனையே பின்னாடி நிக்கச் சொல்லு."

நான்கு முறை வந்தான், நான்கு முறை வெளியே போனான். மூன்றாம் முறை இடது முன்காலுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது வண்டி. டுவைட் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாம் முறை நேராக வந்துகொண்டிருக்கும்போது பெவ் இருமினாள். பிறகு டுவைட் இருமினார். பிறகு இருவரும் சேர்ந்து இருமினார்கள்.

லேலண்ட் ஜன்னலை இறக்கினான். "தண்ணி வேணுமா பெவ்?"

பெவ் வேண்டாமென்று தலையாட்டினாள், ஆனால் இருமலை நிறுத்தவில்லை. அவள் கண் டிரக்கின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன். பின்கதவைக் கழற்றவே இல்லை. அது மூடியபடி இருந்தது. அதோடு நுழைந்திருந்தால் கேம்பரின் அடிவயிறு கிழிந்திருக்கும்.

"இருமலுக்கு நன்றி," என்றேன்.

"எந்த இருமல் கண்ணு? தொண்டைல தூசி," என்றாள் பெவ்.

பின்கதவைக் கழற்றிவிட்டு ஆறாம் முறை உள்ளே போனோம். ஜாக்கிகளை இயக்கும் ரிமோட்டை அழுத்தினேன். ஜாக்கிகள் முனகிக்கொண்டே கேம்பரை மெல்ல இறக்கின. அதன் பாரம் எங்கே நடுவாகிறது என்று காட்டும் அம்புக்குறி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வந்து நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். லேலண்ட் நான்கு மூலையிலும் கேம்பரின் வளையத்தை டிரக்கின் வளையத்தோடு சேர்க்கும் இழுவைத் திருகுகளை மாட்டி, கம்பி பாடும்வரை முறுக்கினான். கால்களை மடக்கினோம். மணி பத்தே முக்கால். டுவைட் ஒரு கையால் தொடையைத் தட்டினார். அவரால் முடிந்த கைதட்டல் அது.

அப்போதுதான் வேலியில் சாய்ந்திருந்த கறுப்பு ரப்பர் விரிப்பைப் பார்த்தேன்.

தொட்டியில் முதலில் விரிக்க வேண்டியது அது. அது இல்லாமல் தகரத்தின் மேல் நேராக உட்காரும் கேம்பர், மலைப்பாதை வளைவில் வழுக்கும். ஏரிக்குப் போகும் பாதையில் வளைவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அது இல்லாம போகலாமா?" என்று லேலண்ட் யாரையும் பார்க்காமல் கேட்டான்.

கேட்டுவிட்டான் அல்லவா, டுவைட்டுக்கு வாய் திறந்தது. "என் மச்சான் அப்படித்தான் போனான் தம்பி. கணவாய்ல ஒரு திருப்பம். இவன் இடது பக்கம் திரும்புனான், கேம்பர் வலது பக்கம் திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் அதுங்க ரெண்டும் சந்திச்சுக்கவே இல்ல."

மறுபடியும் தூக்கித்தான் ஆக வேண்டும். கேம்பரைச் சற்றே உயர்த்தி, டிரக்கை வெளியே எடுத்து, விரிப்பைப் போட்டு, மறுபடி உள்ளே வர வேண்டும். லேலண்ட் ஓடிப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். நான் கால்களை இறக்கி ஊன்றி, தூக்கும் பொத்தானை அழுத்தினேன். திருகுகளை அவன் கழற்றியிருப்பான் என்று நான் நினைத்தேன். நான் கழற்றியிருப்பேன் என்று அவன் நினைத்தான். திருமணமாகி ஒன்பது வருடத்தில் எங்களுக்குள் இவ்வளவு ஒருமித்த கருத்து வேறு எந்த விஷயத்திலும் இருந்ததில்லை.

கேம்பர் உயர்ந்தது. வழக்கத்தைவிட அதிகம் முனகியது. பிறகு லேலண்டின் குரல் கேட்டது.

"நோரீன், நான் ஏறிட்டிருக்கேன்."

"எங்க ஏறிட்டிருக்க?"

"தெரியல. மேல."

கேம்பர் டிரக்கையும் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தது. நான் ரிமோட்டிலிருந்து விரலை எடுப்பதற்குள் டக்கென்று ஒரு சத்தம், கருகிய வாசனை, அமைதி. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. டிரக்கின் முன்சக்கரங்கள் தரையில் இருந்தன. பின்சக்கரங்கள் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில், ஒன்றுமே நடக்காதது போல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. லேலண்ட் மூக்குத் தாழ்ந்த வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, விமானம் இறங்கும்போது உட்கார்ந்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

"மெதுவா இறங்கு," என்றேன்.

இறங்கிச் சுற்றி வந்து பார்த்தான். "திருகைக் கழட்டிட்டா டிரக் கீழ வந்துரும்ல?" என்று பின்மூலைத் திருகில் கை வைத்தான்.

பெவ் நாற்காலியை விட்டு எழுந்தாள். நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் நடுவில் எழுந்து நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அந்தக் குரலில் சொன்னாள்:

"கைய எடு. ரெண்டு டன் வண்டி அந்தக் கம்பில தொங்குது. கழட்டுனா அது கீழ வரும், உன் கையும் கூட வரும். திரும்ப ஒட்ட வச்சுக்கத் தெரியுமா?"

லேலண்ட் கையை எடுத்தான். எடுத்த கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் நகரமன்ற ஆய்வாளர் மெர்வின் ஸ்ட்ராட் வந்தார். மணி பதினொன்றரை. மீன் பிடிக்கப் போகும் தொப்பி, மார்பில் அணைத்த படிவ அட்டை, இடுப்பில் அளவு நாடா. கெட்டவர் அல்ல. விதிகளை அவர் நேசித்தார். சிலர் பறவைகளைப் பார்ப்பதுபோல அவர் கட்டடங்களைப் பார்த்தார்.

வணக்கம் சொல்லிவிட்டுக் கேம்பரை ஒரு சுற்று சுற்றினார். குனிந்தார். அட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, பின்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே நுழைத்தார். தாள் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"சக்கரம் தரையில படல மேடம்."

"தெரியும்."

"தரையில படாத சக்கரம் சக்கரமில்ல. அலங்காரம்." எழுதிக்கொண்டார்.

"கேம்பர் டிரக் மேலதான சார் இருக்கு," என்றான் லேலண்ட். "ஏத்தியாச்சு. கட்டியாச்சு. அப்போ வண்டிதான?"

"டிரக் மேல கேம்பர் இருந்தா வண்டி. இங்க கேம்பர்லதான் டிரக் இருக்கு." அவர் சற்று யோசித்தார், அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி எட்டிப் பார்த்தது. "கட்டடத்தோட நிரந்தரமா இணைச்ச, வண்டி அளவுள்ள இடம். அதுக்குப் பேரு கேரேஜ்."

"என் டிரக்கா?"

"பன்னிரண்டு மணிக்கு மேல, ஆமா."

"ஸ்டீயரிங் இருக்கே சார்."

"கேரேஜ்ல ஆயிரம் சாமான் வச்சிருப்பாங்க சார். அதுக்கெல்லாம் நாங்க ஆட்சேபணை சொல்றதில்ல."

ஒரு மணி நேரத்துக்கு முன் கேம்பர் மட்டும்தான் போவதாக இருந்தது. இப்போது டிரக்கும் போகிறது. ஏரியில் யாரோ இன்னொரு தம்பதி எங்கள் இடத்தில் துணி காயப்போடுவதை என்னால் பார்க்க முடிந்தது. அந்தத் துணிகளின் நிறம்கூடத் தெரிந்தது. நான் நாற்காலிகளின் பக்கம் திரும்பினேன்.

"யாராவது ஏதாவது சொல்லுங்க," என்றேன்.

காலையிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. சக்கரத்தில் இன்னும் காற்றடித்தால் பெரிதாகித் தரையைத் தொடும் என்றார் டுவைட். சக்கரத்துக்கு அடியில் மண் கொட்டலாம் என்றாள் பெவ். தரைமட்டத்தை உயர்த்த வேறு படிவம் என்றார் ஆய்வாளர். முன்சக்கரத்தையும் தூக்கிவிட்டால் சமமாகிவிடும் என்றார் டுவைட். சமமாகி என்ன செய்ய என்றாள் பெவ். பார்க்க நன்றாக இருக்கும் என்றார் டுவைட்.

"எல்லாரும் நிறுத்துங்க," என்றாள் பெவ் கடைசியில், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தவளே அவள்தான். "ஒவ்வொரு ஜாக்கி தலையிலயும் ஒரு மூடி இருக்கும். அதத் தொறந்தா கைப்பிடி போட்டுச் சுத்தலாம். கரண்டு வேணாம். என்கிட்ட ரெண்டு கைப்பிடி இருக்கு, டுவைட்கிட்ட ரெண்டு. நாலு மூலையிலயும் ஒரே நேரத்துல ஒரே அளவு சுத்தி இறக்கணும். ஒரு மூலை முந்துனா சாஞ்சுரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு அங்குலத்துக்கு முப்பது சுத்து. அரை மணி, முக்கால் மணி."

மணி பதினொன்று நாற்பத்தைந்து.

பக்கத்துத் தெருவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன், ஆனால் அவருடைய வருத்தத்துக்குப் படிவம் இல்லை.

"சார்," என்றேன், "ஒரு வீடு இருக்கு. அது வேணாம்னு தோணுது. என்ன பண்ணணும்?"

"இடிக்கலாம்."

"அதுக்கு அனுமதி வேணுமா?"

"வேணும். படிவம் ஒன்பது."

"எத்தனை வாரம்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இடிப்புக்கு வாரமெல்லாம் இல்ல மேடம். ஒரே தளம், ஒரே அறைன்னா நானே இந்த இடத்துலயே கொடுக்கலாம். யாரும் கேட்டதில்ல. இந்தப் படிவத்த நாலு வருஷமா சும்மா தூக்கிட்டுத் திரியறேன்."

"அப்போ கொடுங்க."

"முடியாது."

"ஏன்?"

"இன்னும் வீடே ஆகலையே. இல்லாத வீட்ட எப்படி இடிக்கறது? பன்னிரண்டு மணி ஆகட்டும்."

ஆகவே நாங்கள் வீடு பிறப்பதற்காகக் காத்திருந்தோம். பெவ் வீட்டுக்குப் போய்க் கைப்பிடிகளையும், ஹக்கிள்பெரிப் பழம் போட்டுச் சுட்ட மஃபின்களையும், ஒரு குடுவைக் காப்பியையும் கொண்டு வந்தாள். ஆய்வாளருக்கு டுவைட் தன் நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை, இது அலுவல் நேரம் என்றார். மஃபின் மட்டும் எடுத்துக்கொண்டார்.

தீயணைப்பு நிலையத்தின் மதியச் சங்கு ஊதியது.

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். வாடகை வீட்டின் எண் நூற்றுப் பதினெட்டு என்பதால், கேம்பரின் கதவருகே போய், சுண்ணாம்புக் கட்டியால் நூற்றுப் பதினெட்டரை என்று வீட்டு எண் எழுதினார். "வாழ்த்துகள்," என்று என் கையைக் குலுக்கினார். பெவ் இன்னொரு மஃபினை எடுத்து என்னிடம் நீட்டினாள். "குடிபுகுந்ததுக்குக் கண்ணு."

சொன்னால் சிரிப்பீர்கள். எங்களுக்கு இதுவரை சொந்த வீடு இருந்ததில்லை. என் அம்மாவுக்கும் இருந்ததில்லை. எண்ணெழுதிய கதவைத் திறந்து உள்ளே போனேன். தரை கொஞ்சம் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. சின்ன ஜன்னலில் வெயில் விழுந்து மேசைமேல் ஒரு சதுரம் கிடந்தது. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து மூடினேன். அந்த நிமிடம் இது நகராத ஒரு வீடு. இதற்குள் தபால் வரும், பனி விழும்போது ஜன்னலோரம் யாராவது சூப் குடிப்பார்கள், நானே வயதாகி அந்த யாராவது ஆவேன் என்றெல்லாம் தோன்றியது.

"நோரீன், படிவத்துல கையெழுத்து போடணுமாம்," என்று லேலண்ட் வெளியிலிருந்து கூப்பிட்டான்.

"வரேன்."

"அழுதியா?"

"வீட்ட இடிக்கறோம்ல."

படிவம் ஒன்பதில் இடிக்கும் முறை என்ற இடத்தில் ஆய்வாளர், கையால், சுற்றுச் சுற்றாக, என்று எழுதினார். இடிபாடுகளை அன்றே உரிமையாளர் அகற்ற வேண்டும். இடிப்பவர்கள் நான்கு பேருக்குக் குறையக் கூடாது.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம். நான், லேலண்ட், பெவ். டுவைட்டின் கை துணியில் தொங்கியது. எல்லோரும் ஆய்வாளரைப் பார்த்தோம்.

"நான் ஆய்வாளர். நான் பாக்கணும்," என்றார்.

"மூலையில நின்னு பாருங்க," என்றாள் பெவ். "கை சும்மாதான இருக்கு."

"கையெழுத்துப் போடற கை. அது நடுநிலையா இருக்கணும்."

"எந்தக் கைல போடுவீங்க?"

"வலது."

"இடது கை எந்தக் கட்சி?"

அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீன்பிடித் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு வலது முன்மூலைக்குப் போனார். வலது கையில் படிவ அட்டையை மார்போடு அணைத்தபடி, இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார்.

டுவைட் எண்ண வேண்டும் என்று முடிவானது. பெவ் கேம்பரின் படியில் ஒரு கோப்பை காப்பியை விளிம்புவரை ஊற்றி வைத்தாள். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும்.

"ஒண்ணு," என்றார் டுவைட். நான்கு பேரும் ஒரு சுற்று சுற்றினோம். "ரெண்டு. மூணு. என் மச்சான் அந்தக் கேம்பர எடுக்கப் போனானே, அங்க ஒரு கரடி ஏற்கனவே குடிவந்துருச்சு..."

"நாலா?" என்று லேலண்ட் கத்தினான்.

"நாலு. கரடிக்கும் இவனுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அஞ்சு."

இருபதாவது சுற்றில் காப்பி ஆய்வாளர் பக்கம் வழிந்தது. அவர் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நாக்கு உதட்டோரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்ட்ராட், வீட்டு மேல என்ன கோபம் உங்களுக்கு?" என்றாள் பெவ்.

"மன்னிக்கணும். பழக்கமில்ல. நான் கட்டறததான் பாத்திருக்கேன்."

மூன்று முறை நிறுத்தி, இரண்டு முறை எண்ணிக்கையைத் தொலைத்து, மறுபடி தேடிப்பிடித்து இறக்கினோம். என் உள்ளங்கை கொப்பளித்தது. டிரக்கின் பின்பக்கம் பெருமூச்சு விட்டதுபோல வில்பட்டைகளின்மேல் அமர்ந்தது. ஆய்வாளர் மண்டியிட்டுச் சக்கரத்துக்கு அடியில் தாளை நுழைத்தார். நுழையவில்லை. மறுபக்கமும் பார்த்தார். அங்கேயும் நுழையவில்லை.

"பன்னிரண்டு ஐம்பது," என்று எழுதினார். "வீடு இப்போ இல்ல."

டுவைட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

லேலண்ட் சாவியை எடுத்தான். "கிளம்பலாமா?"

"எங்க கிளம்பறீங்க?" என்றார் ஆய்வாளர். அவர் வேலியைக் காட்டினார். "இடிபாடு வழுக்காம ஏத்தணும்னு படிவத்துல நாலாவது வரி இருக்கு. அந்த ரப்பர் விரிப்பு யாருக்காகக் காத்துட்டு நிக்குது?"

"மறுபடி தூக்கணுமே. அப்போ மறுபடி வீடாயிடாதா?"

"இடிபாட்டத் தூக்குனா எப்படி சார் வீடாகும்? வீடுன்னா என்னன்னு கொஞ்சமாவது ஒரு யோசனை வேணாமா?"

இந்த முறை பெவ் சொன்னபடி செய்தோம். நான்கு பேரும் ஆளுக்கொரு மூலைத் திருகைக் கழற்றி, அதைக் கையில் உயர்த்திப் பிடித்து, "கழட்டியாச்சு" என்று ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாகச் சொன்னோம். ஆய்வாளர் இருமுறை சொன்னார். நான்கு கையும் தெரிந்த பிறகுதான் கைப்பிடியைத் தொட்டோம். கேம்பர் தொட்டியை விட்டு இரண்டு விரல் எழும்பியது. டிரக் தரையிலேயே இருந்தது. அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை. லேலண்ட் டிரக்கை முன்னால் எடுத்தான், விரிப்பை விரித்தோம். பின்னால் வரும்போது ஆய்வாளர் தானாகவே போய் நின்று இரண்டு விரலால் அழைத்தார். ஒரே முறையில் உள்ளே போய்விட்டது. "வலது கைல அழைச்சீங்க," என்றாள் பெவ். அவர் கேட்காததுபோல இருந்தார்.

இறக்கினோம். திருகுகளைக் குறுக்காக, முன்மூலை ஒன்று பின்மூலை ஒன்று என்று முறுக்கினோம். குளிர்பெட்டிக் கதவைப் பூட்டினோம், கால்களை மடக்கி மேலே ஏற்றினோம். பத்து மைலில் நிறுத்தித் திருகுகளை இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள் பெவ். மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது. ஆய்வாளர் ஒரு மணிக்கு மீன் பிடிக்கப் போவதாக இருந்தவர். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. படிவத்தை என்னிடம் கொடுக்கும்போது சுண்ணாம்பு எண்ணைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். ஒரு வீடு இருந்ததாகவே தெரியவில்லை.

மாலோ ஏரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. முகாம் அலுவலகத்தில் டாரா என்ற மேற்பார்வையாளர், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த தம்பதியின் எண் எழுதிய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தொலைபேசியை வைத்தாள், சீட்டை வைக்கவில்லை.

"சொந்தக் கேம்பர்னு காட்ட ஏதாவது காகிதம் இருக்கா?"

விற்றவர் கொடுத்த காகிதங்களை ஆய்வாளர் வாங்கி, பன்னிரண்டு மணிக்குப் பிறந்த வீட்டின் கோப்பில் சேர்த்துவிட்டார். என்னிடம் இருந்தது ஒன்றுதான். படிவம் ஒன்பதை மேசைமேல் வைத்தேன். அவள் வாய்க்குள் படித்தாள். நூற்றுப் பதினெட்டரை. ஓர் அறை வீடு, கேரேஜுடன். முழுவதும் இடிக்கப்பட்டது. இடிபாடுகள் உரிமையாளர் வசம்.

படிவத்தோடு வெளியே வந்து கேம்பரை ஒரு சுற்று சுற்றினாள். ஒவ்வொரு மூலையிலும் நின்று திருகை இழுத்துப் பார்த்தாள். நான்கும் அசையவில்லை. குனிந்து தொட்டிக்குள் ரப்பர் விரிப்பின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"இவ்வளவு நல்லா கட்டுன இடிபாட்ட நான் பாத்ததில்ல," என்றாள். சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல முதல் இடம் உங்களுக்கு."

லேலண்ட் டிரக்கின் மேல் சாய்ந்து, தரையைப் பார்த்தபடி மூச்சு விட்டான்.

டாரா படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு முறை படித்தாள். "எவ்வளவு நாள் இருந்தது இந்த வீடு?"

"ஐம்பது நிமிஷம்."

"எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது," என்றேன். "ஜன்னல்ல வெளிச்சம் வரும்."